நூற்றிலிருந்து நூற்றிருபது வரை

பினு மக்கா,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உன் கைக்கு வருவதற்கு முன்னால் இதை இன்னொருத்தி படிக்க வேண்டும். நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில்தான். ஆனாலும் அந்த வாசல்நடையை நான் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. நாளைக் காலையில் ஜெபம் முடிந்ததும் இதை எடுத்துக்கொண்டு உன் பெரியம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன். அவள் படித்த பிறகுதான் தபால் பெட்டி. இதில் எழுதுகிற எதையும் பிறகு மாற்றிச் சொல்ல முடியாதபடி நானே ஒரு கட்டாயத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அது இல்லாவிட்டால் நான் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நீ பெங்களூரிலிருந்து பேசினாய். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. பேச எத்தனையோ இருந்தும் நீ முதலில் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றித்தான். "அம்மா, அந்தப் பழைய பெட்டி இன்னும் ஓடுதா?" என்றாய். ஓடுகிறது, ஆனால் மாதர் சங்கக் கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது என்றேன். நீ சிரித்தாய். "ரெண்டு வழி உண்டும் கேட்டீங்களா. ஒண்ணு, நான் வரும்போ கொஞ்சம் ஓவர்கிளாக் செய்து தாறேன், இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம். இல்லெங்கி தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவோம். ஆலோசிச்சுச் சொல்லுங்க" என்றாய். ஓவர்கிளாக் என்ற அந்தச் சொல்லை உன் வாயால் கேட்டதும் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

பேச்சை மாற்ற நினைத்து அதைவிட மோசமான இடத்துக்குப் போனேன். "சுனிலு மஸ்கட்லேருந்து லீவுக்கு வாறானாம் மக்கா. நீ நேர்ல போய்க் கல்யாணம் சொல்லாண்டாமா? அவனில்லாம மாப்பிள்ளைத் தோழனா வேற யாரு நிப்பா?" என்றேன். பெரியம்மா மகன் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். நீ குரலை உயர்த்தவே இல்லை. "அவன் பேரை எடுக்காதீங்கம்மா. பென்டிரைவைச் செருகி எனக்க புராஜெக்டை நாசம் பண்ணினவனாக்கும் அவன். பொறாமை புடிச்ச பய" என்றாய். நான் "ம்" என்றேன். ஆறு வருஷமாக நான் சொல்லிவருவது அந்த ஒரு "ம்"தான்.

பினு, உன் புராஜெக்டை அழித்தது சுனிலின் பென்டிரைவ் இல்லை. ஓவர்கிளாக் செய்தது நான். அந்தப் பெட்டியின் வேகத்தைக் கூட்டியது உன் அம்மாவின் கை. பொறாமை பிடித்தது யாருக்கு என்பதையும் இனி நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்து நாலில் அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். குழித்துறையில் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் தன் பழைய பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். அதில் ஒன்றை உன் அப்பா ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பிள்ளைபெற்ற வீட்டுக்குத் தொட்டில் கொண்டுவருவது மாதிரி. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பெண்பிள்ளைக்கு இது போதும் என்று என் வீட்டில் சொன்னார்கள். நானும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன், நீ அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரும் வரைக்கும். உனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு அடுக்களையில் தேங்காய் துருவ உட்காருகிற முக்காலி. நீ வகுப்பில் கேட்டதைச் சொல்வாய். நான் மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக் கடையில் மாதாமாதம் வாங்கிவரும் தமிழ்க் கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்ததைச் சொல்வேன். உனக்குத் தெரியாத குறுக்கு வழி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தால் நீ திரும்பிப் பார்த்து "அம்மா கொள்ளாமே!" என்பாய். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது. வேலை, சபை, உடன்பிறந்தவர்கள் என்று எனக்கு நல்ல நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்த மூன்று வருஷம் போல எதுவும் இல்லை.

பிறகு உன் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து வந்தார், சுனிலுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தார். தட்டையான திரை, பிராசசரே இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரி இரட்டைக் கோர், சி.டி. எழுதுகிற வசதி எல்லாம் இருந்தது. ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்யக் கூப்பிட்டார்கள். நானும் போய் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். வாய் சொன்னது. உன் பெரியம்மா எல்லோருக்கும் சாயா கொடுத்தாள். அவள் சாயா உனக்குத் தெரியுமே, பாகு காய்ச்சினது மாதிரி, கரண்டியை நட்டால் நிற்கும்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் வீட்டுக்கு மிக்ஸி வந்தபோதும், தரைக்கு டைல்ஸ் போட்டபோதும், கையில் புது வளையல் ஏறியபோதும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது உண்டு. ஆனால் அது பால் பொங்குவது மாதிரி, அடுப்பை இறக்கினால் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலம் நீ அங்கேயே இருந்துவிட்டாய். மறுநாளும் போனாய். அதற்கு மறுநாள் கல்லூரியிலிருந்து நேராக அங்கேதான் இறங்கினாய். புராஜெக்ட் வேலை நம் பெட்டியில் நகரவே மாட்டேன் என்கிறது, அங்கே பறக்கிறது என்றாய். அது நியாயம்தான். "பெரியம்மா பழம்பொரி தந்தா, சோறு வேண்டாம்" என்றாய். அதுவும் நியாயம்தான். நான் முற்றத்தில் துணி காயப்போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் சிரிப்புக் கேட்கும். கூடவே அவள் சிரிப்பும் கேட்கும். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து அடிக்கத் தெரியாதவள், எதற்குச் சிரிக்கிறாள்? அது என் முக்காலிப் பக்கத்தில் சிரிக்க வேண்டிய சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு ஈரத்துணியை முறுக்கினேன். அன்றைக்கு உன் அப்பாவின் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது.

அந்த மாதப் பத்திரிகையில்தான் அது இருந்தது. பழைய கம்ப்யூட்டருக்குப் புது வேகம், செலவே இல்லாமல். எனக்காகவே அச்சடித்த மாதிரி. பெட்டியைப் போட்டதும் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் நீலத் திரை ஒன்று வரும். அங்கே ஒரு எண் இருக்கும், உள்ளே எல்லாம் ஓடுகிற தாளத்தின் எண். நம் பெட்டியில் அது நூறு. அதைக் கூட்டினால் பிராசசர் வேகமாக ஓடும். அதுதான் ஓவர்கிளாக். கட்டுரையின் கடைசிப் பத்தியில் எச்சரிக்கை இருந்தது: பழைய பெட்டிகளில் இது ஆபத்து, சூடு கூடும், பதிந்து வைத்தவை கெட்டுப்போகலாம், முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் படிக்காமல் இல்லை. பென்சிலால் அடிக்கோடே போட்டேன். அடிக்கோடு போட்டால் கீழ்ப்படிந்த மாதிரி ஒரு எண்ணம் நமக்கு.

முதலில் நூற்றுப் பன்னிரண்டு. பெட்டி எழுந்து நின்றது. எல்லாம் திறந்தது. அன்று சனிக்கிழமையா, விடுமுறையா தெரியவில்லை, நீ வீட்டில் இருந்தாய். போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இண்ணைக்கு இது கொஞ்சம் ஜீவனோட இருக்கே" என்றாய். அன்று மத்தியானம் முழுக்க மதிலைத் தாண்டவில்லை. நான் முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உனக்கு நினைவிருக்காது, உனக்கு அது ஒரு மத்தியானம்தான். நான் அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், பினு. திருட்டுத்தனமாகச் செய்ததற்கு நன்றி.

இரண்டு வாரம் கழித்து நீ மறுபடி அங்கே போகத் தொடங்கினாய். நான் நூற்றிருபதுக்குப் போனேன். நீ மறுபடி நம் பெட்டிக்கே வந்தாய்; அங்கே இருந்தது பழைய பாதிதான், மீதியை எல்லாம் இதில்தான் எழுதினாய்.

அது ஏன் தவறு என்பது எனக்குப் பின்னால்தான் முழுதாக விளங்கியது. நம் சபைப் பாட்டுக்குழுவை நினைத்துக்கொள். ஆர்கன் வாசிக்கிறவர் தாளத்தை ஓட்டினால் இளவட்டங்கள் ஓடிவிடுவார்கள். பின்வரிசையில் நிற்கிற வயதானவர்களும் அதே தாளத்துக்குத்தான் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் நிறுத்தமாட்டார்கள், வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்கு வாயைத் திறப்பார்கள். வெளியே பாட்டு நடப்பது மாதிரியே இருக்கும். நம் பெட்டியும் அப்படித்தான். புதிய பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் வைக்கலாமாம். பழையதில் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியது. பிராசசர் நூற்றிருபதுக்கு ஓடியது. ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிற வழி ஓட முடியாமல் விழுங்கியது. நீ சேமித்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விழுங்கியது. நான் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்து, சூடு இல்லை, எல்லாம் பத்திரம் என்று இருந்தேன். நான் தொட்டுப் பார்த்தது சூட்டை மட்டும்.

இனி, சுனில் பென்டிரைவோடு வந்த சனிக்கிழமை. இதை நீ முழுதாகக் கேட்டதே இல்லை. நீ குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தாய். சுனில் பென்டிரைவைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான். "சித்தி, சாரு சொன்னாரு, எல்லாவனும் புராஜெக்டை சி.டி.யில எழுதி வைக்கணுமாம். பினுவுக்கதையும் நான் எடுத்துட்டுப் போய் எழுதித் தாறேன்" என்றான். செருகினான். பிரதி எடுக்கத் தொடங்கினான். பெட்டி மெதுவாகத்தான் கொடுத்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனி இதுவும் அந்த வீட்டுக்குப் போகிறது. "கரண்ட் போவப்போவுது மக்கா, நிறுத்து. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். "இன்னும் அரமணிக்கூர் உண்டு சித்தி." "இல்ல மக்கா, போயிருச்செங்கி பெட்டி கெட்டுப்போவும். இஞ்ச உள்ளது இஞ்சயே இருக்கட்டும்." அவன் சிரித்துக்கொண்டே உருவி எடுத்துக்கொண்டு போனான். நீ வந்து, "சுனிலு பென்டிரைவ் போட்டானா?" என்று கேட்டாய், மேசையில் அதன் மூடி கிடந்ததால். போட்டான் என்றேன். எதற்குப் போட்டான் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ பெட்டியைப் போட்டாய். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் வந்தது. மறுபடி போட்டாய், அதேதான். நீ ஓடிப்போய்ச் சுனிலைத்தான் கூட்டிவந்தாய், அதையும் நினைத்துப் பார். அவன் உட்கார்ந்தான். நீ முற்றத்தில் நின்று கூட்டாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாய். நான் சாயாவோடு அவன் பின்னால் வந்தேன். அவன் அந்தப் பொத்தானை அழுத்தி நீலத் திரைக்குப் போனான். நூற்றிருபது. அதில் விரலை வைத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். மேசை மேலே அந்தப் பத்திரிகை, அடிக்கோட்டோடு. நான் சாயாவை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டேன். நீ வந்து, "எப்படிடே ஆச்சு?" என்றாய். அவன், "தெரியல மக்கா. ஹார்ட் டிஸ்க் போச்சு" என்றான். பிறகு நான் போய்ப் பார்த்தபோது எண் நூறில் இருந்தது; நீ உள்ளே வருமுன்னே அவன் மாற்றி வைத்திருந்தான்.

அந்தத் "தெரியல"தான் உனக்குச் சந்தேகம். அவன் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான் என்றாய். வைரஸ் கொண்டுவந்து விட்டுவிட்டு முழிக்கிறான் என்றாய். முற்றத்தில் நின்று கத்தினாய்: "ஒனக்குப் பொறாமைடே! நான் மார்க் வாங்கிரப்பிடாதுண்ணு ஒனக்குப் பொறாமை!" அந்த வார்த்தை அடுக்களைச் சுவரைத் தாண்டி வந்து என் மேல் விழுந்தது. சுனில், "நீ சொல்லியது ஒனக்கே விளங்குதாடே?" என்று மட்டும் கேட்டான். உன் பெரியம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "எனக்க பிள்ள அப்பிடிச் செய்யமாட்டான் கேட்டியா" என்றாள். அப்போது நான் வெளியே வந்தேன். சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "பென்டிரைவ் போட்டான்லா அக்கா."

போட்டதும் உண்மைதான். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு பிள்ளையைக் கள்ளனாக்கிவிட்டேன்.

நீ அந்த அரையாண்டு பின்தங்கினாய். மதிலுக்கு அந்தப் பக்கம் போவது நின்றது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. நீ வீட்டிலேயே இருந்தாய். ஆனால் முக்காலியில் நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாய். பேச ஆள் இல்லாதவன் முகம் உனக்கு. நான் அதற்கும் அவன் மேலேயே கோபப்பட்டேன் என்று சொன்னால் நம்புவாயா? என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டானே என்று. நாம் செய்ததை இன்னொருவன் செய்ததாக ஆறு வாரம் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் என்னைப் பிடித்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று போதகர் ஐயர் சொல்லும்போது உன் பெரியம்மா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், கழுத்துப் பின்புறம் தெரியும். எழுந்து அப்பம் வாங்கப் பந்திக்குப் போகவும் முடியவில்லை. உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் ஞாயிறு சின்னப்பிள்ளைகளை மண்டபத்தில் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன், மற்ற அம்மாமார் நிம்மதியாகப் பந்திக்குப் போகட்டும் என்றேன். எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். ஆண்டு அறிக்கையில் என் தியாகத்தைப் பற்றி இரண்டு வரி வந்தது. நீ பெங்களூரிலிருந்து அதைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க வேற லெவல்" என்றாய். ஆறு வருஷமாக நான் அந்த அப்பத்தைத் தொடவில்லை, மக்கா.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஓவர்கிளாக்கா, புதிதா? அன்று பழுதுபார்க்க வந்த கடைக்காரர் வேறு ஹார்ட் டிஸ்க் போட்டார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "இதுக்கு வேகம் குறைவில்லம்மா. மெமரியாக்கும் குறைவு. நிக்க இடமில்லாத வீட்டுல ஓடச் சொன்னா எஞ்ச ஓடும்?" என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு மெமரி அட்டையைச் செருகினார். அவ்வளவுதான். அதே நூறில் அந்தப் பெட்டி இன்றுவரை ஓடுகிறது. அன்றே அதைச் செய்திருந்தால் உன் புராஜெக்டும் இருந்திருக்கும், சுனிலும் இருந்திருப்பான். நான் அது எதனால் தவிக்கிறது என்று கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெட்டி போல ஆகவேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

ஆகவே என் பதில்: வேகத்தைக் கூட்டாதே. இப்போது அதற்குச் செய்ய எதுவும் மீதியில்லை. மதர்போர்டில் நிற்கிற அந்தச் சின்ன உருளைகளின் தலை உப்பியிருக்கிறது, நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கிற பெட்டியும் முனகுகிறது. இந்த நிலையில் அடித்து ஓட்டினால் ஒரு வருஷம் ஓடாது, ஒரு மழைக்காலம் ஓடலாம், போகும்போது கூட எதையாவது இழுத்துக்கொண்டுதான் போகும். இன்னொரு மெமரி அட்டை போட்டாலும் இனி வீண். புதிதே வாங்கு. உன் பழைய லேப்டாப்பைத் தந்தாலும் சந்தோஷம், எனக்குக் கணக்கு எழுதவும் பாட்டுக் கேட்கவும் அது தாராளம். ஆனால் பழையதை அணைப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதைப் பிரதி எடு. அந்தப் பிரதியை நம் வீட்டில் வைக்காதே. வேறு வீட்டில் வை. எந்த வீட்டில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிதான் உண்மை. நீ கட்டப்போகிற பிள்ளையைப் பற்றி. போன மாதம் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அவங்க வீட்டு மீன்கறி ஒங்க கறி மாதிரியே இருக்கும்மா" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். அந்த "மாதிரியே" என் நெஞ்சில் முள்ளாக நின்றது. இரண்டு நாள் நான் மீனே வாங்கவில்லை. இந்தச் சூடு எனக்குப் பழக்கமானது, பினு. ஈரத்துணியை முறுக்கிய அதே கைதான். இனி ஒருநாள் நான் உன்னிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி உண்மையாகவே இருக்கிற ஒரு வார்த்தையை, "பென்டிரைவ் போட்டான்லா" மாதிரி ஒரு வார்த்தையை, சொன்னால், நீ "ம்" என்று சொல்லாதே. "அம்மா, எண் எத்தனையில இருக்கு?" என்று கேள். எனக்கு விளங்கும்.

இதுவரை எழுதியது நேற்று. இனி எழுதுவது உன் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த பிறகு.

அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கு வந்தே?" என்றாள். "ஒரு கடிதாசு அக்கா. நீங்க படிக்கணும்." "எனக்கா?" "பினுவுக்கு. ஆனா நீங்க முதல்ல படிக்கணும்." கையைத் துடைத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். உதட்டை அசைத்து அசைத்துத்தான் படிப்பாள், உனக்குத் தெரியும். எந்த இடத்தில் இருக்கிறாள் என்று உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அந்த நூற்றிருபதில் அவன் விரல் வைத்த இடத்தில் தாளைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருசம் ஏட்டி" என்றாள். "எம்பிள்ள சபைக்குப் பின்வாசல் வழியா வந்தான். நீ மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு தேங்காச் சம்மந்தி அரைச்சே."

நான் அந்தத் தாளை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தேன்.

"இது மட்டுமில்ல. நான் அவனைப் பிடிச்சு எத்தர தடவ கேட்டேன் தெரியுமா? லேய், நெசத்தச் சொல்லு, நீ வல்லதும் செய்தியாண்ணு. கேட்டேன் ஏட்டி. பெத்த தள்ள நானே கேட்டேன். நீ ஒண்ணும் செய்யலியே, பெறவு ஏன் வாயத் தொறக்காம நிக்கேண்ணு. அவன் சிரிச்சான். விடுங்கம்மா, அவனுக்கு வேற யாரு இருக்காண்ணு சொன்னான். அண்ணைக்கு எனக்கு அது விளங்கல."

பினு, அதைக் கேட்டபோதுதான் நான் செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. எழுதும்போதுகூடத் தெரியவில்லை. உனக்கும் அவனுக்கும் நடுவில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அவளையும் தன் பிள்ளையைச் சந்தேகப்பட வைத்தேன்.

அவள் மீதியையும் படித்து முடித்தாள். எழுந்து உள்ளே போனாள். போய்விடு என்று அர்த்தமாக்கும் என்று நான் செருப்பைத் தேடினேன். ஒரு டம்ளரோடும் ஒரு பேனாவோடும் வந்தாள். "பாகு காய்ச்சினது மாதிரியா எனக்க சாயா? குடிச்சுப் பாரு. பெறவு அந்த வரிய வெட்டு." நின்றுகொண்டே குடித்தேன். பாகுதான், மக்கா. ஆனாலும் அவள் பேனாவாலேயே வெட்டினேன். ஒற்றைக் கோடுதான் போட்டேன், நீ படிக்கலாம்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது இன்னொரு கணக்காகிவிடும். நடையிறங்கும்போது, "சுனிலு அடுத்த மாசம் வாறான். பினுவை வரச் சொல்லு. நீ கூட வராண்டாம். அவன் தனியா வரட்டும்" என்றாள். சரி அக்கா என்றேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அந்தப் பயலுக்கு நான் ஆறு வருசமா ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து சொல்லலியே" என்றார்.

எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை என்று சொன்னால் நீ சிரிக்காதே. டைல்ஸில் இல்லை, வளையலில் இல்லை, சாயாவில் நிச்சயமாக இல்லை. இருபது வயதில் ஒரு பையன் தன் பேரை விட்டுக்கொடுத்து, கூட்டாளியை விட்டுக்கொடுத்து, பெற்றவள் கேட்டும் வாய் திறக்காமல், உனக்கு அம்மா இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு எண்ணை மாற்றி வைத்துவிட்டு எழுந்து போனான். அப்படி ஒரு பிள்ளையை அவள் வளர்த்திருக்கிறாள், தான் என்ன வளர்த்தோம் என்றே தெரியாமல். அதற்குப் பொறாமைப்படாமல் எப்படி இருக்க?

நீ வருகிற அன்று குழித்துறையில் ரயில் இறங்கி ஆட்டோ பிடிப்பாய். ஆட்டோக்காரர் வழக்கம்போல நம் நடையில் நிறுத்துவார். இறங்காதே. இன்னும் நாலடி தள்ளி நிறுத்தச் சொல். முதலில் அங்கே போ. அவள் சாயா போடுவாள், பழம்பொரியும் இருக்கும். அவசரப்படாமல் இருந்து சாப்பிடு. அவனோடு பேசு, பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் உன் சிரிப்புக் கேட்டால் போதும். சோறு வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை.

உன் அம்மா